மழலையின் மூச்சும் வாயில்லா ஜீவனும்

பூனை இல்லாத வீடு எங்கள் காயல்பட்டினத்தில் குறைவு. மீன் கழுவும் கொல்லைப்புறமும், நிழல் விழும் முற்றமும், இரக்க குணமுள்ள ஒரு மூதாட்டியும் இருக்கும் இடத்தில் பூனை தானாகவே வந்து குடியேறிவிடும். நாய் வளர்க்கத் தயங்கும் நம் குடும்பங்கள் பூனையை வீட்டு உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகிவிடுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த செய்தியை, அபூ கதாதா (ரலி) அவர்களின் வாயிலாக நாம் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். நபிமொழிகளை ஏராளமாக அறிவித்த பெருந்தகை அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்பதுதான் பொருள்.

ஆனால் அதே வீட்டில் இளைப்பு நோயுள்ள ஒரு குழந்தையும் இருந்தால் என்ன செய்வது? குழந்தையின் மூச்சா, நம்மை நம்பி வந்த உயிரா? இந்தக் கேள்வி 2022-ஆம் ஆண்டு எங்கள் இல்லத்தில் எழுந்தது. இதே கவலையில் இருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

இத்தாவில் வந்த துணை

எங்கள் ஊரில் திருமணத்திற்குப் பின்னரும் பெண்கள் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம். என் கணவர் வெளிநாட்டில் பணிபுரிகிறார். நானும் என் பிள்ளைகளும் உம்மாவுடன் வசிக்கிறோம். 2019-ஆம் ஆண்டு வாப்பா அவர்கள் வஃபாத்தானார்கள். உம்மா நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு மழை இரவில், எலும்பும் தோலுமாக ஒரு சாம்பல் நிறக் குட்டி கொல்லை வழியாக உள்ளே வந்தது. உம்மா அதற்குப் பால் சோறு வைத்து, 'மிஸ்கீன்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வந்து போனார்கள். மிஸ்கீன் போகவில்லை. உம்மா தஸ்பீஹ் ஓதும்போது அருகில் படுத்திருக்கும். தஹஜ்ஜுத்திற்கு எழுந்தால் கூடவே எழுந்துவிடும். வாப்பாவின் நாற்காலி காலியாகக் கிடந்த அந்த வீட்டில், உம்மா சிரித்துப் பேசிய முதல் உயிர் அதுதான் என்பதை நான் அறிவேன்.

என் இளைய மகளுக்கு நான்கு வயதானபோது இரவில் இருமல் தொடங்கியது. காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, விளையாடினால் இளைப்பு. 2022-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரே மாதத்தில் இருமுறை நள்ளிரவில் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று, மூச்சு சீராவதற்காக ஆவி மருந்து வைத்துத் திரும்ப நேர்ந்தது.

இருவேறு தீர்ப்புகள்

நோய் என்றதும் நம் வீடுகளில் தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. "பூனை முடி வயிற்றில் போனால் ஆஸ்துமாதான். சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வரச் சொல்" என்றார் ஒரு மாமி. "பூனையால் நோய் வருமா? அது இருக்கும் வீட்டில் பரக்கத் அல்லவா இருக்கும்!" என்றார் இன்னொருவர். வாழைப்பழத்தையும் முட்டையையும் குற்றம் சொன்னவர்களும் உண்டு. எல்லோரும் அன்பினால் பேசியவர்களே. ஆனால் விசாரணைக்கு முன்பே வழங்கப்பட்ட தீர்ப்புகள் அவை.

திருநெல்வேலியில் ஒவ்வாமை நோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் குழந்தைக்குத் தோல் பரிசோதனை செய்தார். சந்தேகத்திற்குரிய பொருட்களின் சாற்றை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டின் மீதும் மெல்லிய முனையால் இலேசாகக் குத்துவார்கள். பதினைந்து, இருபது நிமிடங்களில் எந்த இடம் கொசுக்கடி போலத் தடிக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டிருந்தால் முடிவு தவறிப்போகும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். தோல் தடித்ததை மட்டும் வைத்து முடிவு செய்யவும் மாட்டார்கள். அந்தப் பொருளின் அருகில் சென்றால் குழந்தைக்குத் தொல்லை வருகிறதா என்பதையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

முடிவு எவர் சொன்னபடியும் அமையவில்லை. பெரிதாகத் தடித்தது தூசிப்பூச்சிக்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிற்றுயிர்கள் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்பவை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் உகந்தது. அடுத்ததாகத் தடித்தது பூனைக்கு. வாழைப்பழமும் முட்டையும் நிரபராதிகள்.

குற்றவாளி முடி அன்று

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வாமையை உண்டாக்குவது பூனையின் முடி அன்று. அதன் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஒரு புரதம். 'ஃபெல் டி 1' என்பது அதற்கு அறிவியலார் இட்ட பெயர். பூனை தன் உடலை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும்போது இந்தப் புரதம் ரோமத்தில் படிகிறது. காய்ந்ததும் மிக நுண்ணிய துகள்களாகக் காற்றில் கலக்கிறது. மணிக்கணக்கில் மிதக்கும் இத்துகள்கள் சுவரிலும் திரைச்சீலையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொள்ளும். பூனையே இல்லாத வீட்டிற்கும் பள்ளிக்கூடத்திற்கும் நம் ஆடை வழியாகச் சென்றுவிடும். முடி குறைந்த இனம், ஒவ்வாமை தராத இனம் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பூனைகளும் இப்புரதத்திலிருந்து முற்றிலும் விடுபட்டவை அல்ல. குளிப்பாட்டினால் சற்றுக் குறையும். ஆனால் ஒரு வாரத்திற்குள் பழைய அளவிற்குத் திரும்பிவிடும்.

"பூனையை அனுப்பிவிட்டால் குணமாகிவிடுமா?" என்று கேட்டேன். அதுவும் ஒரு காரணம்தான் என்றும், தூசிப்பூச்சியை விட்டுவிட்டுப் பூனையை மட்டும் விரட்டினால் முழுப் பலன் இராது என்றும் அவர் கூறினார். இயலுமானால் பூனையைப் பிரிப்பதே நல்லது என்பதையும் மறைக்காமல் சொன்னார். உடனடியாக அதற்கு மனம் ஒப்பாவிட்டால், முதலில் மருந்தையும் படுக்கையறையையும் சீர்செய்து, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

மூன்று மாத முயற்சி

குழந்தை உறங்கும் அறைக்குள் மிஸ்கீனுக்கு அனுமதி நின்றது. இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் தூசிப்பூச்சி நுழையாத நெருக்கமான உறை போட்டோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். சபுராளிகள் அன்போடு கொண்டுவந்து தரும் வெல்வெட் தொழுகை விரிப்புகள் எங்கள் வீட்டில் அடுக்கடுக்காக இருந்தன. தூசி தங்குவதற்கும் பூனை உறங்குவதற்கும் அவையே தோதான இடமாக இருந்தன. அவற்றை எடுத்து வைத்துவிட்டு, துவைப்பதற்கு எளிதான பருத்தி விரிப்பில் தொழுதோம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்தோம்.

மருத்துவர் சொன்ன இன்னொரு செய்தியை வீட்டிலுள்ளோர் எளிதில் ஏற்கவில்லை. வியாழன் மாலைகளில் நாம் போடும் சாம்பிராணியும், ஊதுபத்தியும், கொசுவர்த்திச் சுருளும் இளைப்புள்ள குழந்தையின் மூச்சுக்குழலை உறுத்துபவை. புகையில்லாமலும் வெள்ளி இரவு வரும் என்று சொல்லி உம்மாதான் அதை முதலில் நிறுத்தினார்கள்.

மருந்து விஷயத்திலும் அச்சங்கள் இருந்தன. இன்ஹேலர் வைத்தால் குழந்தை அதற்கு அடிமையாகிவிடும் என்பது பரவலான எண்ணம். உண்மையில், இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராம் அளவில் நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. சிறு குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் என்னும் குழல் வழியாகக் கொடுப்பது எளிது. அன்றாடம் தடுப்புக்காகக் கொடுப்பது ஒன்று, இளைப்பு வந்தபோது கொடுப்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நன்றாக இருக்கிறாளே என்று தடுப்பு மருந்தை நாமாகவே நிறுத்தவும் கூடாது.

மூன்று மாதத்தில் இரவு இருமல் பெருமளவு குறைந்தது. ஆயினும் மிஸ்கீனை அணைத்துக் கொஞ்சிய அரைமணி நேரத்தில் கண் சிவப்பதும், மூச்சில் விசில் சத்தம் கேட்பதும் நிற்கவில்லை. நான்கு வயதுக் குழந்தையிடம் பூனையைத் தொடாதே என்று எத்தனை முறைதான் சொல்ல முடியும்? அடுத்த முறை சென்றபோது, பூனை வீட்டைவிட்டு வெளியேறத்தான் வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார்.

உம்மாவின் முடிவு

உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாட்கள் தயங்கினேன். மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பின் அவர்களே அழைத்துச் சொன்னார்கள்:

"பிள்ளை இளைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் பூனையைத் தடவிக்கொண்டிருக்க முடியாது மகளே. ஆனால் சாக்கில் கட்டித் தெருவில் விடவும் நான் சம்மதிக்க மாட்டேன். நம்பி வந்த உயிர். அதற்கு ஒரு வீடு பார்த்துக் கொடு."

இரண்டு தெரு தள்ளி வசிக்கும் என் வாப்பாவின் சகோதரியான மாமியின் வீட்டில் சிறு குழந்தைகள் இல்லை. யாருக்கும் இளைப்போ தும்மலோ உண்டா என்று விசாரித்துக்கொண்டுதான் கேட்டேன். மாமி மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்கள். மிஸ்கீன் உண்ணும் கிண்ணத்தையும் படுக்கும் துணியையும் கூடவே கொடுத்தோம். பூனை பழைய வீட்டைத் தேடித் திரும்பிவிடும் என்பதால், இரண்டு மூன்று வாரங்கள் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். என் மகள் அழுதாள். உம்மா அழவில்லை. ஆனால் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போதும் உம்மா அஸருக்குப் பின் மாமி வீட்டிற்குச் சென்று மிஸ்கீனுக்கு மீன் வைத்துவிட்டு வருவார்கள். வீடு திரும்பியதும் உடுப்பை மாற்றி, கை முகம் கழுவிய பிறகே பேத்தியைத் தூக்குவார்கள்.

"பூனைதான் போய்விட்டதே, பிள்ளைக்கு இன்னும் ஏன் தும்மல்?" என்று கணவர் தொலைபேசியில் கேட்டார். பூனை சென்ற பிறகும் அந்தப் புரதம் வீட்டில் நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை தங்கியிருக்கக்கூடும். சுவர்களையும் கதவுகளையும் துடைத்தோம். திரைகளையும் மெத்தை நாற்காலியின் உறைகளையும் மீண்டும் மீண்டும் துவைத்தோம். 2023-ஆம் ஆண்டின் மழைக்காலத்தை, ஒருமுறையேனும் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடாமல் கடந்தோம். அல்ஹம்துலில்லாஹ். நோய் அறவே அகன்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தடுப்பு மருந்து தொடர்கிறது. தூசி பட்டால் இன்றும் தும்முகிறாள். ஆனால் இரவில் உறங்குகிறாள்.

சகோதரிகளின் கவனத்திற்கு

பிறந்தது முதல் பிராணிகளோடு வளரும் குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறைவாக வருகிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. அவ்வாறு காட்டாத ஆய்வுகளும் உண்டு. ஆகவே ஆரோக்கியமாக உள்ள குழந்தையின் வீட்டில், வீண் அச்சத்தால் பூனையை விரட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இளைப்புள்ள குழந்தையின் வீட்டிற்குப் புதிதாகக் குட்டியைக் கொண்டுவரவும் வேண்டாம். பூனை முன்பே இருந்தால் முதலில் பரிசோதித்து அறியுங்கள். பூனைதான் காரணம் என்று தெரிந்தால், பாசத்தின் பெயரால் குழந்தையின் மூச்சோடு விளையாடாதீர்கள். விலா எலும்பு உள்வாங்கும்படி மூச்சு வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பிராணியை அனுப்புவதாயின் அதற்கொரு வாழ்விடத்தைத் தேடித் தந்து அனுப்புங்கள். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு வளர்ப்புப் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அதைவிடப் பெரிய எச்சரிக்கையும் நமக்கு உண்டு. ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த முடிவை நபிமொழி நூல்களில் நாம் படித்திருக்கிறோம். சாக்கில் கட்டிச் சந்தையில் எறியும் கைகள் அதை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.

குழந்தையும் அமானிதம், நம்மை நம்பி வந்த பிராணியும் அமானிதமே. ஒன்றைக் காக்க மற்றொன்றை விட்டுப் பிரிய நேரலாம். பிரியும்போதும் பொறுப்பு நம்முடையதே. நோயுற்ற மழலைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.