அசையும் முள்

கைக்கடிகாரம் வாங்க இயலாதவர்களையும் மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை மணிக்கூண்டுகள். சந்தைக்கு வந்த உழவரும், ஆலைக்கு விரைந்த தொழிலாளியும், பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவனும் தலையை நிமிர்த்தினால் போதும். யாரையும் கேளாமல், காசு கொடாமல் நேரம் அறிந்துகொள்ளலாம். தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போல, நேரத்துக்கு மணிக்கூண்டு. இன்று எல்லார் சட்டைப் பையிலும் கைப்பேசி வந்துவிட்டது. நிமிர்ந்து பார்ப்பவர் குறைந்துவிட்டனர். கணவன் மனைவியாகிய நாங்களோ செல்லும் ஊர்களிலெல்லாம் பொதுக் கடிகாரங்களைத் தேடிச் சென்று, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து வருகிறோம். "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவரை சிரிப்பையே விடையாகத் தந்தோம். இங்கே சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறோம்.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில், எங்களுள் ஒருவருக்குக் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருப்பது தெரிய வந்தது. அவர் யார் என்பது இங்குத் தேவையில்லை; ஒரே வீட்டில் ஒருவர் கண் மங்கினால் மற்றவருக்கும் அதில் பங்கு உண்டு. இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வருவது. பார்வையின் ஓரங்களை முதலில் கவர்ந்துகொண்டு, மெல்ல மெல்ல நடுவை நோக்கி நகர்வது. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காப்பதற்கே மருந்து. எனவே காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் தவறாது சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் மருத்துவர். அன்று முதல் எங்கள் வீட்டில் கடிகாரத்துக்குப் புதியதொரு மதிப்பு வந்தது. பார்க்க வேண்டியவற்றையெல்லாம் விரைவில் பார்த்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

கறுப்பு வெள்ளைக்கும் காரணம் அதுவே. பார்வை குறையும்போது நிறங்களைவிட ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடே வழிகாட்டுகிறது. சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறப் படி தெரியாது. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடு தெரியும். வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள், கறுப்பு முட்கள் என்று அக்காலக் கைவினைஞர்கள் அமைத்தது, நெடுந்தொலைவில் நிற்பவருக்கும் நேரம் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த ஏற்பாடு அருகில் நிற்கும் மங்கிய கண்ணுக்கும் உதவுகிறது. வண்ணப் படத்தில் கோபுரத்தைச் சுற்றியுள்ள விளம்பரப் பலகைகளும் கொடிகளும் முந்திக்கொண்டு வருகின்றன. கறுப்பு வெள்ளையில் அவை அடங்கிப்போக, அந்த வட்ட முகம் தனித்து நிற்கிறது. ஓரங்கள் சுருங்கிய பார்வைக்குள்ளும் ஒரு வட்டம் முழுமையாக அடங்கிவிடும் அல்லவா?

எங்கள் தொகுப்பின் முதல் படம் நாகர்கோவில் மணிமேடை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1893இல் திறக்கப்பட்டது அக்கோபுரம். அதிலுள்ள கடிகாரம் இங்கிலாந்தின் டெர்பி நகரில் செய்யப்பட்டது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த டதி போதகர் அதை மன்னருக்கு அன்பளிப்பாக அளித்தார் என்பர். மன்னருக்கு வந்த பரிசு மக்களின் நாற்சந்தியில் ஏறியது. இத்தகைய பழைய கோபுரக் கடிகாரங்களை இயக்குவது பெரும்பாலும் எடைக்கல்லே. கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கும் எடை கீழ்நோக்கி இழுக்க, ஊசல் அந்த இழுவிசையைச் சிறிது சிறிதாக அளந்து விடுகிறது. எடை அடியைத் தொடுவதற்குள் ஒருவர் படியேறிச் சென்று சாவி கொடுத்து அதனை மீண்டும் உயர்த்த வேண்டும். மழை நாளாயினும் திருவிழா நாளாயினும் இதில் மாற்றமில்லை. ஆகவே ஓடுகின்ற கடிகாரம் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் தம் கடமையை மறக்கவில்லை என்பதற்குச் சான்று.

ஆனால் படங்களைக் கழுவி மேசைமேல் பரப்பியபோது ஒரு புதிர் எழுந்தது. ஓடும் கடிகாரமும் நின்றுபோன கடிகாரமும் படத்தில் ஒன்றுபோலவே இருந்தன! எல்லாம் ஒரு நேரத்தைக் காட்டின, எதிலும் அசைவில்லை. புகைப்படக் கருவி எந்தக் கடிகாரத்தையும் நிறுத்திவிடுகிறது. எனவே ஒவ்வொரு படத்தின் பின்புறமும் 'ஓடுகிறது' அல்லது 'நிற்கிறது' என்று பென்சிலால் எழுதிவைக்கத் தொடங்கினோம். அதற்காக அங்கேயே சிறிது நேரம் நிற்கவும், அருகில் இருப்பவர்களை விசாரிக்கவும் வேண்டியதாயிற்று. ஒரு சிற்றூரில் மணிக்கூண்டின் அடியில் தேநீர்க் கடை வைத்திருந்த பெரியவரிடம், "ஐயா, இந்தக் கடிகாரம் ஓடுகிறதா?" என்று கேட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார், மீண்டும் நிமிர்ந்தார். "சரியாத்தாங்க ஓடுது. நானே இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை மறக்க இயலாது. நெடுநாள் அடுத்த வீட்டில் வாழ்ந்தவரை அன்றுதான் அறிந்துகொண்டவர் போல் இருந்தது அது.

படத்திலேயே கடிகாரத்தின் உயிர் தெரிய வழியுண்டா என்று யோசித்தோம். வழி இருந்தது. நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. நொடியில் 125இல் ஒரு பங்கு நேரமே திறந்து மூடும் கருவிக்கு அந்த அசைவு புலப்படாது. அந்தி ஒளியில், முக்காலியின்மேல் கருவியை நிறுத்தி, அதன் கண்ணை 2 நிமிடம் திறந்தே வைத்திருந்தால், முள் 12 பாகை நகர்ந்துவிடும். படத்தில் அது கூரிய கோடாக விழாது. விசிறி விரித்தாற்போல் மங்கலாக விழும். மணி முள் அதற்குள் 1 பாகைதான் நகரும். அது ஏறத்தாழத் தெளிவாகவே நிற்கும். சாலையில் ஓடும் பேருந்துகளும் விரையும் மனிதரும் புகைபோல் மறைந்துவிடுவர். ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் பூக்காரம்மா மட்டும் கோபுரத்தோடு சேர்ந்து படத்தில் இடம்பெறுவார். நின்ற கடிகாரத்தின் முள்ளோ எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் கத்தி முனைபோல் தெளிவாகவே விழும். அப்படியானால் தெளிவெல்லாம் உயிரின் அடையாளம் அன்று. மங்கலைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்த எங்களுக்கு இது பேருதவியாயிற்று.

மும்பையில் ஓவல் மைதானத்தின் புல்தரையில் நின்று இராஜாபாய் கோபுரத்தைப் படமெடுத்த மாலை நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் 280 அடி உயர்ந்து நிற்கும் அக்கோபுரத்தை வரைந்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். 1869இல் அடிக்கல் இடப்பட்டு, 1878இல் நிறைவுற்றது. பொருள் தந்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த், தம் அன்னையின் பெயரை அதற்குச் சூட்டச் செய்தார். அந்த அன்னை பார்வையற்றவர் என்றும், இருட்டுவதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் சமண நெறியைப் பிறர் உதவியின்றிக் கடைப்பிடிக்க அக்கோபுரத்தின் மணியோசை அவருக்குத் துணையாயிற்று என்றும் அங்கே வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அதை வாசித்துவிட்டுச் சென்ற நாங்கள், மணி ஒலித்தபோது இருவரும் கண்களை மூடிக்கொண்டோம். கடிகாரம் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. காலையும் நண்பகலும் மாலையும் நம் ஆலயங்களில் ஒலிக்கும் மூவேளை செபமணியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது புதிய செய்தியும் அன்று.

பின்னர் உரோமைத் திருப்பயணம் வாய்த்தது. அங்கிருந்து பதுவை நகர்ப் புனித அந்தோணியாரைக் காண இரயிலில் சென்றபோது, வழியில் புளோரன்சில் இறங்கினோம். பேராலயத்தின் உட்புறம், வாயிலுக்கு மேலே ஒரு பெரிய கடிகார முகப்பு இருக்கிறது. 1443இல் அதனை வரைந்தவர் ஓவியர் பாவுலோ உச்செல்லோ. அதற்கு ஒரே முள், 24 மணிகள், அம்முள் நம் கடிகாரங்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதன் நாள் நள்ளிரவில் முடிவதில்லை. கதிரவன் மறையும் வேளையில் முடிகிறது. எனவே அதைப் பார்த்தவர் இப்போது மணி என்ன என்பதோடு, இருட்டுவதற்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதையும் அறிந்துகொண்டார். வழிநடப்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் வேண்டிய செய்தி அதுதானே! எங்களுக்கும் வேண்டிய செய்தி அதுவாகத்தான் இருந்தது. அந்த முகப்பின்கீழ் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்து பொலோஞா இரயில் நிலையம். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், சனிக்கிழமை காலை 10.25க்கு, அதன் காத்திருப்புக் கூடத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து 85 பேர் உயிரிழந்தனர். நிலையத்தின் வெளிச்சுவரில் இருந்த கடிகாரமும் அந்நேரத்தோடு நின்றது. விரைவிலேயே அதைப் பழுதுபார்த்து ஓடவிட்டனர். 1996இல் அது மீண்டும் பழுதாகி, சரிசெய்ய முற்பட்டபோது மக்கள் குரல் எழுப்பினர். அதன்பின் அது 10.25இல் நிலையாக நிறுத்தப்பட்டுவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது ஓடியதையே அந்நகர மக்கள் பலர் மறந்துவிட்டனர், வெடித்த நாள் முதல் நின்றதாகவே எண்ணுகின்றனர் என்று உளவியலார் ஆய்ந்து கண்டுள்ளனர். அந்திப் பொழுதில் வழக்கம்போல் 2 நிமிடம் கருவியைத் திறந்து வைத்தோம். பயணிகள் எல்லாம் புகையாய் மறைந்திருக்க, இரு முட்களும் கூர்மையாக விழுந்திருந்தன. படத்தின் பின்புறம் 'நிற்கிறது' என்று எழுத மனம் வரவில்லை. 'நிறுத்தி வைத்திருக்கிறார்கள்' என்று எழுதினோம். கவனிப்பாரின்றி நின்ற கடிகாரம் வேறு. இறந்தவர்களை மறவாதிருக்க ஓர் ஊரே கூடி நிறுத்திய கடிகாரம் வேறு. இரண்டையும் கருவி வேறுபடுத்திக் காட்டாது. கேட்டறிந்து எழுதுபவரின் பென்சிலே காட்ட வேண்டும்.

நின்றவை எல்லாம் நின்றே போவதும் இல்லை. இலக்னோவின் உசேனாபாத் மணிக்கூண்டு 1881இல் எழுந்தது, 1984இல் நின்றுபோனது. 27 ஆண்டுகள் அப்படியே இருந்தபின், 2011இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. உங்கள் ஊர் மணிக்கூண்டு ஓடுகிறதா என்று இன்று மாலை நிமிர்ந்து பாருங்கள். ஓடினால், அதற்குச் சாவி கொடுப்பவர் யாரென்று விசாரித்து ஒரு நன்றி சொல்லுங்கள். நின்றிருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு சொல் கேளுங்கள். கேட்பார் இல்லாமல் போவதால்தான் பல கடிகாரங்கள் நின்றுபோகின்றன.

இப்போது எங்கள் பயணங்களில் வேலைகள் பிரிந்துவிட்டன. இடத்தைத் தேர்ந்து, கருவியை முக்காலியில் பொருத்தி, முகப்பைத் தெளிவாக்குவது ஒருவர் பொறுப்பு. முன்பு அதையும் செய்துவந்த மற்றவர், இன்று அருகில் நின்று நேரத்தை எண்ணுகிறார். எண்ணுவதற்கு அவருக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. செபமாலையில் ஒரு பத்து மணிகளைப் பதறாமல் சொல்லி முடித்தால் ஏறத்தாழ 2 நிமிடம் ஆகிவிடும். சில நாள்களில் சற்றுக் கூடும். அதுவரை விசையைப் பிடித்திருப்பவர் அசைவதில்லை. வண்டிகள் செல்கின்றன, வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள் வந்து கூடுகிறார்கள், மேலே முள் தன் 12 பாகையைக் கடந்துகொண்டிருக்கிறது. பத்தாவது மணி விரலைக் கடந்ததும், "போதும்" என்கிறார் எண்ணியவர். கருவியின் கண் மூடுகிறது. அன்றிரவு 8 மணிக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, அடுத்த ஊர் எது என்று பேசிக்கொள்கிறோம்.