வழி மறித்தவரும் மோதியவரும்

கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் எம் தங்கையின் இல்லத்தில் சென்ற ஆண்டு கோடையிற் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அவள் மகன், பதினான்கு வயதுச் சிறுவன், பேஸ்போல் ஆட்டத்திலே பித்துக்கொண்டவன். கிரிக்கெற்றையன்றி வேறொன்றும் அறியாத எமக்கு அவனே ஆசானானான். அவன் தன் குழுவிலே வகித்த இடம் 'கச்சர்' என்பது. நம் விக்கெற் காப்பாளரைப் போல, அடிப்பவருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தை ஏந்துவது அவன் பணி. முகத்துக்குக் கம்பிக்கூடு, மார்புக்கும் கால்களுக்கும் கவசம். போருக்குப் போகிறவன்போல் இவ்வளவும் எதற்கு என்று தங்கையை வினவினோம். "அதைத்தான் நானும் கேக்கிறன், அண்ணை. இவனை வேற இடத்தில நிண்டு விளையாடச் சொல்லுங்கோ" என்றாள்.

அவள் அச்சம் வீணானதன்று என்பதைப் பையனே காட்டிவிட்டான். கணினித் திரையிலே பழைய படமொன்றை ஓடவிட்டான். 1970ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி, அமெரிக்காவின் சின்சினாற்றி நகரிலே நடைபெற்ற நட்சத்திர வீரர் ஆட்டம் அது. இரு பெரும் லீக்குகளின் சிறந்த வீரர்களும் கூடி ஆடும் காட்சி ஆட்டம். வென்றாலும் தோற்றாலும் எந்தக் குழுவின் நிலையும் மாறாது. பன்னிரண்டாவது இனிங்ஸ், நான்குக்கு நான்கு. பீற் றோஸ் என்னும் புகழ்பெற்ற வீரர் ஹோம் பிளேற்றை நோக்கிப் பாய்ந்து வருகிறார். அங்கே பந்தை எதிர்பார்த்து நிற்பவர் கிளீவ்லாந்துக் குழுவின் கச்சர் றே ஃபொசி, வயது இருபத்துமூன்று. றோஸ் தம் உடலால் மோதுகிறார். ஃபொசி மண்ணிலே உருள்கிறார். றோஸின் அணி வெல்கிறது.

ஃபொசியின் தோள் எலும்பு முறிந்திருந்தது என்பது அடுத்த ஆண்டுவரை கண்டறியப்படவில்லை. அவர் வலியோடே ஆடினார். மோதலுக்கு முன் அவ்வாண்டில் 16 ஹோம் ரன்கள் அடித்திருந்தவர், ஆண்டு முடிவிலே பெற்றிருந்தவை 18 மட்டுமே. (ஹோம் ரன் என்பதை நம் சிக்ஸருக்கு ஒப்பாகக் கொள்க.)

ஹோம் பிளேற்றிலே மட்டும் ஏன் இந்த மூர்க்கம்? இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு ஓடுபவர் அங்கே தரித்து நிற்றல் வேண்டும். தாண்டிப்போனால் பந்தால் தொட்டு ஆட்டமிழக்கச் செய்துவிடுவர். ஆகவே வேகம் தணித்தே வருவார். ஹோம் பிளேற்றையோ தொட்டுவிட்டு அப்பாற் செல்லலாம். முழு வேகத்திலே வரலாம். அதன் அகலமோ 17 அங்குலம்தான். மேலும், கச்சர் பெரும்பாலும் பந்தைக் கையிற் பற்றியபடி ஆளைத் தொடவேண்டும். அக்கணத்திற் பந்து நழுவினால் ஓட்டம் கிடைத்துவிடும். இடித்து நழுவச் செய்வதிலே ஆதாயம் இருந்தது. நம் கிரிக்கெற்றிலே விக்கெற்றை வீழ்த்தினாற் போதும், ஆளைத் தொடவேண்டியதில்லை. ஆதலால் ஓடுபவரின் பாதையிலே ஒருவர் குறுக்கே நிற்கவேண்டிய தேவையும் இல்லை.

றோஸ் செய்தது முரட்டுத்தனம் என்று நாம் தீர்ப்புக் கூறினோம். பையன் ஒப்பவில்லை. "கச்சர் வழியை மறிச்சா அவர் என்ன செய்யிறது, மாமா?" என்றான். கச்சராக நிற்கும் அவனே இவ்வாறு கேட்டமை எம்மைச் சிந்திக்க வைத்தது. பந்தில்லாதவர் ஓடுபவரைத் தடுத்தல் ஆகாது என்ற விதி நெடுங்காலமாகவே இருந்தது. ஆனால் ஹோம் பிளேற்றிலே நடுவர்கள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒரு பிழையைப் பொறுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மற்றொரு பிழையையும் பொறுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து வீரம் என்று பெயரிட்டு வந்தனர்.

2011ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவின் கச்சர் பஸ்ரர் போசிமீது, புளோரிடாக் குழுவின் ஸ்கொட் கசின்ஸ் மோதினார். (ஃபொசி, போசி: அச்சுக்கோப்பவர் பொறுத்தருள்க.) அதுவும் பன்னிரண்டாவது இனிங்ஸ்தான். பந்து போசியின் கையிலே தங்கவில்லை. காலெலும்பு முறிந்து, கணுக்காலின் தசைநார்கள் கிழிந்தன. அவ்வாண்டு அவர் மேற்கொண்டு ஆடவில்லை. அக்கால வழக்கப்படி விதியை மீறாத கசின்ஸுக்கோ கொலை மிரட்டல்கள் வந்தன. போசி மீண்டுவந்து 2012இலே தம் லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவானார். அவருக்கு வாய்த்தது ஃபொசிக்கு வாய்க்கவில்லை.

2014இலே புது விதி வந்தது. பந்தைக் கையிற்கொள்ளாத கச்சர் பாதையை மறித்தல் ஆகாது. ஓடுபவரும் மோதுவதற்கென்றே நேர்வழியை விட்டு விலகுதல் ஆகாது. கச்சர் பிழைத்தால் ஓட்டம் செல்லும்; ஓடுபவர் பிழைத்தால், பந்து நழுவினாலும், அவர் ஆட்டமிழப்பார். பந்தோடு நிற்கும் கச்சர் வழியை மறிக்கலாம் என்பதால் மோதல் முற்றாக ஒழிந்துவிடவில்லை. எனினும் பழைய ஆட்டக்காரர் சிலர், ஆட்டத்தின் ஆண்மையே போயிற்று என்று அங்கலாய்த்தனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மோதலின்போது அரங்கு எழுந்து ஆரவாரித்தது உண்மையே. படத்தைப் பார்த்த நாமும் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டோம். ஆனால், சறுக்கிவரும் காலுக்கும் தாழ்ந்துவரும் கைக்கும் இடையிலே நிகழும் போட்டியில் அந்தப் பரபரப்புக்குக் குறைவில்லை.

அடுத்த சனிக்கிழமை தங்கையோடு மைதானத்துக்குச் சென்றோம். இறுதி இனிங்ஸிலே, மூன்றாம் தளத்திலிருந்து பருத்த உடலுடைய பையனொருவன் ஓடிவந்தான். தங்கை எம் கையைப் பற்றிக்கொண்டாள். மருமகன் பிளேற்றுக்கு ஓரடி முன்னே நின்று, வழியைத் திறந்துவிட்டுப் பந்துக்காகக் கைநீட்டினான். பந்து வந்தது, திரும்பித் தொடுவதற்குள் மற்றவன் புழுதி பறக்கச் சறுக்கி வந்து பிளேற்றைத் தொட்டுவிட்டான். நடுவர் இரு கைகளையும் விரித்தார். தோல்வி.

கம்பிக்கூட்டைக் கழற்றியபடி வந்தவன், "எறிஞ்சது பிந்திப்போச்சு, மாமா" என்றான். தங்கை தோல்வியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவன் முழங்கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சோற்றுப் பொதியை அவிழ்த்தாள்.