உறுமல் கற்பித்த பாடம்

நன்றிக்கு உவமை நாயென்று பாலரும் அறிவர். ஆயினும் அந்நாய் பல்லைக் காட்டி உறுமுங்கால், குணங்கெட்டதென்று கூறிக் கோலைத் தேடுவார் பலர். யாமும் அங்ஙனம் கோலெடுத்தோரே. அதனால் விளைந்த தீங்கையும், பின்னர்க் கற்ற பாடத்தையும் அன்பர்க்கு ஈண்டு உரைப்போம்.

எம் இல்லத்தில் இராஜபாளைய நாயொன்று வளர்கின்றது. வெண்ணிற மேனியும் நெடிய கால்களும் உடைய இவ்வினம் காவலுக்குப் பெயர்போனது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையொன்றிலும் இதன் உருவம் இடம்பெற்றது. அங்ஙனமிருக்க, தபால் கொணர்பவரையே எம் நாய் பகைத்தமை விந்தையே. தபாற்காரர் வாயிலில் தோன்றும்போதெல்லாம் அது உறுமும். உறுமும்போதெல்லாம் யாம் பிரம்பால் அடித்தோம். சின்னாளில் உறுமல் நின்றது. நாயைத் திருத்திவிட்டோமென்று பெருமிதமுங் கொண்டோம்.

ஒருநாட் காலை அம்முதியவர் கடிதத்தை நீட்டினார். நாய் சிறிதும் ஒலியெழுப்பாது பாய்ந்து அவர் கையைக் கடித்தது. புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி இடுவித்தோம். வீட்டிலுள்ளோர், நாயைத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவிடுமாறு வற்புறுத்தினர். முதியவரோ கட்டிட்ட கையோடு எம்மை நோக்கி, "தம்பி, முன்னெல்லாம் இது உறுமும், நானும் விலகி நிற்பேன். இப்போது ஏன் உறுமவில்லை?" என்று வினவினார். யாம் தலைகுனிந்தோம்.

கால்நடை மருத்துவர், நாய்க்கு நோயும் நோவும் இல்லையென முதலிற் சோதித்தறிந்து, பின்வருமாறு விளக்கினார்: நாயின் சினத்துக்குப் பலகாலும் அச்சமே வித்து, உறுமலோ 'நெருங்காதே' என்னும் எச்சரிக்கை. பிரம்பு எச்சரிக்கையை அழிக்குமேயன்றி அச்சத்தை அழிக்காது. தபாற்காரர் வந்தால் அடி விழுமென்று கண்ட நாய்க்கு, அவர்பால் அச்சம் பெருகவே செய்யும்.

உணவின் வரவை அறிவிக்கும் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு வாயூறும் என்று ருஷிய அறிஞர் பாவ்லோவ் காட்டிய உண்மையே எம் புதிய பயிற்சிக்கு அடிப்படையாயிற்று. இறைச்சித்துண்டு புகுமளவு இடைவெளியுள்ள வாய்க்கூட்டை நாய்க்கு அணிவித்து, கயிற்றிற் பிணித்து, நண்பரொருவரை 20 கஜத் தொலைவில் நிற்கச் செய்தோம். அவர் கண்ணிற்பட்ட பின்னரே இறைச்சி. அவர் மறைந்தவுடன் அதுவும் நிற்கும். நாய் அமைதியாயிருந்தால் மறுநாள் சிறிது நெருங்கச் செய்வோம். உறுமினால் அடியாது, தொலைவை மிகுப்போம். ஒருமுறை அவசரப்பட்டு ஒரேநாளில் 5 கஜம் குறைத்தோம். இருவார உழைப்பு வீணாயிற்று.

ஆறு திங்கள் கழிந்தன. இன்று தபாற்காரரின் சைக்கிள் மணி ஒலித்தால், நாய் வாயிலைப் பாராது எம் கையைப் பார்க்கின்றது. ஆயினும் முற்றும் திருந்திற்றென்று கூறோம். அவர் வருங்கால் அதனைக் கட்டியே வைக்கின்றோம். கடிதப்பெட்டியையும் வெளிவாயிலில் அமைத்துள்ளோம்.

சென்ற வாரம் அயலார் ஒருவரைக் கண்டு அது மெல்ல உறுமிற்று. முன்னாளாயின் வெகுண்டிருப்போம். அன்றோ, இழந்த பொருளை மீளப் பெற்றார்போல் மகிழ்ந்து, வந்தவரை விலகி நிற்குமாறு வேண்டினோம். வாயில்லாப் பிராணிக்கு உறுமலே சொல். அச்சொல்லைக் கேட்கக் கற்றலே நாய் வளர்ப்போர் பெறவேண்டிய முதற்பயிற்சியாம்.