விடையும் வழியும்

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் சாலையில், பெரியாற்றுக் கால்வாயால் வளம்பெற்ற வயல்களின் நடுவே வாடிப்பட்டி உள்ளது. அவ்வூரில் பத்தாம் வகுப்புப் பயிலும் மாணவன் ஒருவன், அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாளைக் கண்டு முகம் வாடினான். ஐந்து மதிப்பெண் வினாவிற்கு இரண்டே கிடைத்திருந்தது. விடையோ சரி!

"ஐயா, தவறு எங்கே?" என்று வினவினான்.

"வழியைக் காணோமே, தம்பி! திருத்துபவர் உன் மனத்தையா படிப்பார்? தாளைத்தானே படிப்பார். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு" என்றார் ஆசிரியர். பின்னர்க் கணித மேதை இராமானுஜனைப் பற்றிக் கூறினார்.

குடந்தையில் வளர்ந்த இராமானுஜன், பிற பாடங்களைப் புறக்கணித்ததால் எப்.ஏ. தேர்வில் தவறியவர். 1913ஆம் ஆண்டு ஜனவரியில், தாம் கண்ட முடிவுகளைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி பெரிதும் வியந்தார். ஆயினும் நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டார். பகா எண்களைப் பற்றி இராமானுஜன் கூறியவற்றுள் சில பிழையாகவே இருந்தன. மேதைக்கே இந்நிலை என்றால் மாணவர் எம்மாத்திரம்!

மாணவன் அரைமனத்துடன் வீடு திரும்பினான். இரவில் அக்கணக்கையே, மனத்தில் செய்தவாறு, வரி வரியாக எழுதினான். மூன்றாம் வரியில் கழித்தல் குறி ஒன்று விடுபட்டிருந்தது. ஐந்தாம் வரியில் மற்றொன்று. இரு பிழைகளும் ஒன்றையொன்று அழித்துச் சரியான விடையைத் தந்திருந்தன.

மறுநாள் அவன் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. ஏட்டை விரித்து, மூன்றாம் வரியை ஆசிரியரிடம் காட்டினான்.