வலைநூலில் ஒரு செபமாலை

அக்டோபர் மாதம் பிறந்ததும் நம் இல்லங்களில் பெட்டிக்குள்ளும் படச்சட்டத்தின் ஆணியிலும் உறங்கிய செபமாலைகள் மீண்டும் கைக்கு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை திருத்தலக் கடைகளில் வாங்கியவை. பிளாஸ்டிக் மணிகள், மெல்லிய கம்பி, பளபளக்கும் சிலுவை. கடற்கரைக் காற்றில் இரண்டு மழைக்காலம் கழிந்தால் கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும். அறுந்ததைத் தூக்கி எறியவும் மனம் வராது. செப்பனிடவும் கை வராது. தம் கையாலேயே கட்டிய மாலையில் செபிப்போர் நம்மில் எத்தனை பேர்?

செபமாலை செய்வது ஒரு காலத்தில் மதிப்புமிக்க கைத்தொழிலாய் இருந்தது. 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரில் எலும்பிலும் கொம்பிலும் மணி கடைவோர், பவளத்திலும் சிப்பியிலும் செய்வோர், அம்பரில் செய்வோர் எனத் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. இலண்டனில் அத்தொழிலாளர் வாழ்ந்த தெருவுக்குக் கர்த்தர் கற்பித்த செபத்தின் இலத்தீன் பெயரே நிலைத்தது. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘பீட்’ என்னும் சொல்லும் ஆதியில் செபத்தையே குறித்தது. செபத்தின் பெயர்தான் பின்னர் மணிக்கு ஆயிற்று.

ஏழைகளோ பவளத்தை நாடவில்லை, விதைகளை நாடினர். ‘யோபுவின் கண்ணீர்’ எனப்படும் புல்வகையின் மணி, துளையிடும் வேலையே வைப்பதில்லை. உள்ளிருக்கும் நாரை உருவிவிட்டால் இயற்கையே அமைத்த துளை தெரியும். ஆனால் குன்றிமணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. அதன் தாவரவியற் பெயரிலேயே செபம் என்னும் பொருள் அடங்கியிருப்பினும், அவ்விதையின் உட்பருப்பு கொடிய நஞ்சு. துளையிட்ட குன்றிமணியைக் குழந்தை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அழகைக் கண்டு அதனை வீட்டு மாலையில் கோக்க வேண்டாம்.

எங்கள் குமரிக் கடற்கரைப் பங்கில் நாங்கள் எடுத்துக்கொண்டது விதையுமன்று, மணியுமன்று, வலைநூல். இயந்திர வலைகள் வருமுன் எங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் வலை பின்னியவர்கள். அத்தொழில் போயிற்று, விரல்களின் பழக்கம் மட்டும் முற்றும் போய்விடவில்லை. சனிக்கிழமை தோறும் மாலையில் அன்பியத்துப் பெண்கள் பத்துப் பன்னிருவர் கூடி, அப்பழக்கத்தைச் செபமாலைக்குத் திருப்பினோம்.

செய்முறை எளிது. சற்றுத் தடித்த நைலான் வலைநூல் 6 மீட்டர் போதும். தொடக்கத்தில் ஒரு சாண் நூலை விட்டுவிட்டு, நூலை ஆள்காட்டி விரலில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை அச்சுற்றுகளுக்குள் விரலையொட்டி நுழைத்து, மெல்லக் கழற்றி இருபுறமும் இழுத்தால் பீப்பாய் போன்ற சிறு முடிச்சு விழும். அதுவே ஒரு மங்கள வார்த்தை. பத்து முடிந்ததும் சற்று இடம் விட்டு, நான்கு சுற்றுச் சுற்றிய பெரிய முடிச்சு ஒன்று; அது கர்த்தர் கற்பித்த செபம். இவ்வாறு ஐந்து பத்துகளும் இடையே நான்கு பெரிய முடிச்சுகளும் சேர்ந்தால் வளையத்தில் 54. பின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, நீண்ட முனையில் பெரியது ஒன்று, சிறியது மூன்று, பெரியது ஒன்று என ஐந்து முடிச்சுகளிட்டால் மொத்தம் 59. இறுதியில் சிலுவை. எஞ்சிய நுனிகளை வெட்டித் தீயில் காட்டினால் நூல் உருகி இறுகிவிடும். உப்புக் காற்றில் இது துருப்பிடிக்காது, நனைந்தால் காய்ந்துவிடும்.

எங்களோடு வந்தமர்ந்தவர்களுள் ஒரு சகோதரி, 2017 நவம்பர் 30இல் வீசிய ஒக்கிப் புயலில் கணவரை இழந்தவர். உடல் கரை சேரவில்லை. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் பூவும் மெழுகுதிரியும் கொண்டு செல்கையில், அவருக்குச் செல்வதற்கு ஓர் இடமில்லை. பல மாதங்கள் அவர் வாய் திறந்து செபித்ததில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை, நூலை மட்டும் கையில் கொடுத்தோம். ஒரு நாள் அவரே சொன்னார்: “முடிச்சுப் போடும்போது மட்டுந்தான் அக்கா, கை நடுங்காம இருக்கு.”

பின்னொரு நாள் எங்கள் எல்லோரையும் வாயடைக்கச் செய்த வினாவையும் அவரே எழுப்பினார். “அவர் கழுத்திலயும் மாலை கெடந்துதே அக்கா, அப்புறம் ஏன் திரும்பல?” விரைந்து விடை கூறத்தக்க வினாவன்று அது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுள் மூத்த பெரியம்மா ஒருவர், வேலையை நிறுத்தாமலே, “சிலுவையடியில நின்ன மாதாவுக்கும் மகனை இறக்கிக் குடுக்கலியே, மக்களே. அவ நின்னா, நம்மளும் நிப்போம்” என்றார். அதற்குமேல் எவரும் பேசவில்லை. அன்று துக்க தேவ இரகசியங்களைச் சொன்னோம். நான்காம் பத்தில் அச்சகோதரியின் குரலும் மெல்லச் சேர்ந்தது.

செபமாலை தாயத்தன்று. அதனை அணிந்தவனுக்கு அலை வழிவிடும் என்று திருச்சபை ஒருநாளும் கற்பித்ததில்லை. அது கிறிஸ்துவின் பிறப்பையும் பாடுகளையும் உயிர்ப்பையும் அவர் தாயோடு அமர்ந்து தியானிக்கும் வழி. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002ஆம் ஆண்டு ஒளியின் தேவ இரகசியங்களைச் சேர்த்து எழுதிய திருமடலில், குடும்பங்கள் இச்செபத்திற்குத் திரும்புமாறு வேண்டியதும் இதுபற்றியே. இன்று இளைஞர் சிலர் இதனைக் கழுத்தணியாக மட்டும் பூணுகின்றனர். மந்திரித்த பொருளை மரியாதையோடு கையாள வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எனினும் அவர்களைக் கடிந்து பயனில்லை. ஒரு மாலையைத் தாமே கட்டட்டும். 59 முடிச்சுகளை விரலால் இறுக்கியவன் அதனை வெறும் அணியாக எண்ணமாட்டான்.

அச்சகோதரி கட்டிய முதல் மாலை அவர் மகனுக்குச் சென்றது. அவனும் கடலுக்குப் போகிறான். வேறு தொழில் தேடுமாறு தாய் மன்றாடினார்; அவன் இணங்கவில்லை. பங்குத் தந்தை மந்திரித்த அம்மாலையைக் கொடுக்கையில் அவர், “இது உன்னைக் காக்கும்” என்று சொல்லவில்லை, “இருட்டுல சொல்லு, நானும் இங்க சொல்லுவேன்” என்றார்.

வாசகரே, வரும் சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, வீட்டார் அனைவரும் நூலோடு அமருங்கள். முதல் முடிச்சுகள் கோணலாகவே விழும். அவிழ்க்காமல் விட்டுவிடுங்கள். பத்து முடிந்ததும் அந்தப் பத்திலேயே செபத்தைத் தொடங்குங்கள். மாலை முழுதும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.