ஒரு கிள்ளுப் புகையிலை

கீழ்வேளூரில் சம்பா நடவு. ஏழு மாதக்காரி ஒருத்தி கரையேறி, "ஒரு கிள்ளுப் போயிலை குடுங்கண்ணே, அசதி தெரியாது" என்றாள். வெற்றிலைப் பெட்டியை நீட்டினேன்.

மாலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

"போயிலை போடுவியா?" என்றார் டாக்டரம்மாள்.

"இல்லீங்க" என்றவள் என்னைப் பார்த்தாள்.

"போடுவாள். நான்தான் கொடுத்தேன்" என்றேன்.

கர்ப்பத்தில் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறதாம். ஏழெட்டு மாதத்தில் இதயத்துக்கு உச்ச பாரம். புகையிலையின் நிகோடினோ நாடியை விரட்டி, ரத்தக் குழாயைச் சுருக்கும். பாரவண்டி மாட்டுக்குச் சாட்டையடி!

எக்கோ எடுத்தார்கள். சின்ன வயசுக் காய்ச்சலில் சுருங்கிப்போன வால்வு ஒன்று அதில் தெரிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது.

தாயும் பிள்ளையும் சுகம். பெட்டி திண்ணையில்தான் இருக்கிறது. நீட்டத்தான் கை கூசுகிறது.