கெபாசிட்டருக்குப் பயப்படு

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 28 வருடம் ஸ்பாட் வெல்டிங் மெஷினில் வேலை பார்த்தேன். பெடலை மிதித்தால் இரண்டு தகடும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ரிட்டையரான பிறகுதான் ஆசை வந்தது. திருவொற்றியூர் காயலான் கடையிலிருந்து பழைய மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றை வாங்கி வந்தேன். மூடியைக் கழற்றியதும் பேரன் கையை உள்ளே விட்டான். தட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லும். "கரண்ட் ஆஃப்தானே" என்று கைவைத்த எலக்ட்ரீஷியன் நண்பர் ஒருவர் அன்று மாலை வீடு திரும்பவில்லை. அதைச் சொன்னேன்.

ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட்டோம்.

டிரான்ஸ்பார்மரில் சுமார் 2000 வோல்ட் தரும் மெல்லிய கம்பிச் சுற்றை அறுத்தெடுத்து, விரல் தடிமன் கேபிளை இரண்டே சுற்று சுற்றினோம். இப்போது வருவது 2 வோல்ட் அளவுதான், ஆம்பியரோ நூற்றுக்கணக்கில். தகடும் தகடும் தொடும் இடத்தில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், அங்கேதான் சூடேறி உருகுகிறது. இத்தனை வருடம் காலால் மிதித்தது இதைத்தான்!

முதல் பொட்டு கையோடு வந்துவிட்டது. செப்பு முனைகளை அரம் போட்டு, இறுக்கி அழுத்தி, மறுபடி வைத்தோம். குறடால் பிய்த்தபோது தகடு கிழிந்தது, பொட்டு அசையவில்லை. வேலையில் பாஸ் போடுவதும் இப்படித்தான்.

என் பழைய டிபன் கேரியரின் கழன்ற பிடியை ஒட்டிக் கொடுத்தேன். "இதுக்கு ரிட்டையர் ஆகணுமா?" என்றாள் மனைவி.

அடுத்த மாதம் இன்னொரு அடுப்பு கிடைத்தது. நான் வாய் திறக்குமுன் பேரன் மீட்டரை எடுத்துவந்தான்.